அக்காவின் கல்யாணப் பதிவும் அப்பா சொத்தில் பங்கும்: திருநங்கை, திருநம்பியருக்குக் குடும்பச் சட்டம் என்ன தருகிறது?

கரிசல்மண் | 5 ஜூலை 2025

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம். எங்க அக்கா திருநங்கை. பள்ளிக்கூடம் முடிச்ச கையோட வீட்டை விட்டுப் போனவங்க. அப்பா கடைசி வரைக்கும் முகம் கொடுத்துப் பேசல. அம்மாவும் நானும் மட்டும் விடாம தொடர்புல இருந்தோம். போன மாசம் அக்காவுக்குக் கோயில்ல வெச்சுக் கல்யாணம் நடந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மாவே முன்ன நின்னு தாலி எடுத்துக் கொடுத்தாங்க.

பதிவு பண்ணப் போனா சார்பதிவாளர் அலுவலகத்துல மனுவைக் கையிலயே வாங்கல. "படிவத்துல மணமகன், மணமகள்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. இவங்களை எதுல போடுறது?"ன்னு கேட்டாங்க. முடியாதுன்னா அதை எழுத்துல கொடுங்கன்னு சொன்னோம். அதுக்கும் பதில் இல்லை. அக்கா ஒரு வார்த்தை பேசாம வெளிய வந்துட்டாங்க.

இன்னொண்ணு. அப்பா தவறினப்போ பெரியப்பாதான் வாரிசுச் சான்றிதழுக்கு அலைஞ்சார். அதுல அம்மா, நான், தம்பி மூணு பேர்தான். அக்கா பேரே இல்லை. இப்போ நிலத்தைப் பிரிக்கிற பேச்சு வந்ததும், "அது பையனா பொண்ணா? எந்தக் கணக்குல பங்கு கொடுக்கறது?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார்.

சட்டத்துல உண்மையிலேயே இடமில்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

வைகைக்கரை வக்கீல்

இடம் இருக்கிறது தங்கச்சி. அதுவும் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்களே வாங்கித் தந்த இடம்.

2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஓர் இளைஞருக்கும் திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. பதிவு செய்யப் போனார்கள். இணைப் பதிவாளர் மறுத்தார். மேல்முறையீட்டில் மாவட்டப் பதிவாளரும் மறுத்தார். விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்தார். இந்து திருமணச் சட்டம் 5ஆம் பிரிவில் வரும் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்றார், பதிவு செய்யும்படி உத்தரவிட்டார். உங்கள் அக்காவிடம் கேட்ட அதே "எந்தக் கட்டம்" கேள்விக்குத்தான் அந்தத் தீர்ப்பு பதில் சொல்கிறது.

அதற்கு அடிப்படை 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் சொன்னது: தன் பாலினம் எது என்று முடிவு செய்யும் உரிமை அந்த மனிதருக்கே உரியது, அதற்காக அறுவைச் சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது.

இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் வந்த சுப்ரியோ தீர்ப்பு. ஒருபாலினத் திருமணத்தை ஏற்க அந்த அமர்வு மறுத்துவிட்டது. அந்த ஏமாற்றம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள்: திருநங்கை ஓர் ஆணையோ, திருநம்பி (பெண்ணென்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்) ஒரு பெண்ணையோ மணந்தால், இப்போதுள்ள திருமணச் சட்டங்களின் கீழேயே அது செல்லும். திருநங்கையும் திருநம்பியும் ஒருவரையொருவர் மணப்பதும் அப்படியே.

ஆகவே உங்கள் மனுவை வாங்க மறுத்தது சட்டப்படி தவறு. திருமணம் முடிந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் நாளைக் கடத்தாதீர்கள்.

—

மலர்க்கொடி_சேலம்

கரிசல்மண் தங்கச்சி, உங்க அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்க. நானும் திருநங்கைதான், கல்யாணம் பதிவானவதான். வக்கீல் அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா தீர்ப்பு நம்ம பக்கம் இருந்தாலும் காகிதம் சரியா இல்லன்னா கவுண்டர்ல நிக்க வெச்சே கொன்னுடுவாங்க.

நான் எடுத்துட்டுப் போன கட்டு இதுதான். கலெக்டர் கையெழுத்துப் போட்ட திருநர் சான்று, அரசிதழ்ல வந்த பெயர் மாற்றம், அதே பேருக்கு மாத்தின ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், கோயில் ரசீது, கல்யாண போட்டோ, கல்யாணத்துக்கு வந்த சாட்சிங்க. பள்ளிச் சான்றுல பழைய பேரு இருக்கும். அரசிதழ் நகலை அதோட சேர்த்துப் பின் பண்ணிடணும். இல்லன்னா "இது யாரு, அது யாரு"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. அந்தப் பழைய பேரை அத்தனை பேர் முன்னாடி சத்தமா வாசிப்பாங்க பாருங்க, அப்ப மட்டும் யாராவது கூட இருக்கணும். என் நாத்தனார் என் கையைப் பிடிச்சுட்டு நின்னா.

ஒண்ணு மறக்காம செய்யுங்க. அக்கா திருநங்கைன்னு தெரிஞ்சுதான் மாப்பிள்ளை கட்டிக்கிட்டார்னு அவர் கைப்பட ஒரு கடிதம் எழுதி வாங்கி வெச்சுடுங்க. அவரைச் சந்தேகப்பட்டுச் சொல்லலை. நாளைக்கு அவர் வீட்டு ஆளுங்க "ஏமாத்திட்டாங்க"ன்னு கிளப்பினா அது நிக்கும்.

—

வைகைக்கரை வக்கீல்

மலர்க்கொடி அம்மா சொன்ன கடிதம் மிக முக்கியம். இந்து திருமணச் சட்டம் 12ஆம் பிரிவில், முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கியதாகச் சொல்லித் திருமணத்தை ரத்து செய்யக் கேட்க வழி இருக்கிறது. தெரிந்தே செய்துகொண்டார் என்பதற்கு எழுத்து இருந்தால் அந்த வழி அடைபடும்.

—

நெல்லைச்செல்வன்

நான் யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை. திருநங்கைகள் மரியாதையோடு வாழ வேண்டும், வேலை வேண்டும், வீடு வேண்டும், எல்லாம் சரி. ஆனால் கல்யாணம் என்பது வம்சம் தழைக்கத்தானே? குழந்தை பெற முடியாத இடத்தில் அதைக் கல்யாணம் என்று சட்டம் ஏற்பது எப்படி? நாளைக்கு அந்தப் பையனே மனம் மாறினால் என்ன ஆகும்?

—

வைகைக்கரை வக்கீல்

நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன் ஐயா.

குழந்தை பெறும் தகுதியைச் சட்டம் எங்கேயும் திருமணத்துக்கு நிபந்தனையாக வைக்கவில்லை. 5ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: ஏற்கெனவே வாழ்க்கைத்துணை இருக்கக் கூடாது, மனநலம் சார்ந்து சில, வயது, தடைசெய்யப்பட்ட உறவுமுறை, அவ்வளவுதான். குழந்தை இல்லை என்பது விவாகரத்துக்குக்கூட காரணம் கிடையாது. அறுபது வயதில் மறுமணம் செய்பவர்களையும், கருப்பை எடுத்த பெண்ணை மணப்பவரையும் எந்தப் பதிவாளரும் இப்படிக் கேட்பதில்லை. இல்லறத்துக்கு இயலாமை என்று 12ஆம் பிரிவில் ஒன்று உண்டு. அதையும் கணவனோ மனைவியோ மட்டும்தான் நீதிமன்றத்தில் எழுப்ப முடியும். பதிவாளருக்கோ பெரியப்பாவுக்கோ அதில் வேலை இல்லை.

மனம் மாறினால் என்ன என்று கேட்டீர்கள். அந்த நாளுக்குத்தான் பதிவு தேவை. மும்பை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட திருநங்கை, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்ட பெண்ணாக ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது. ஆந்திர உயர் நீதிமன்றம் 2025 ஜூனில், திருநங்கையும் பெண்ணே, கணவர் வீட்டுக் கொடுமைக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவில் புகார் தரலாம் என்றது. அந்தக் குறிப்பிட்ட வழக்கில் குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அதை ரத்து செய்தார்கள். ஆனாலும் புகார் தரும் உரிமை அவருக்கு உண்டு என்பதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்.

—

மலர்க்கொடி_சேலம்

செல்வன் அண்ணே, எங்க ஆளுங்க எத்தனை பேர் வருஷக்கணக்கா ஒருத்தரோட குடும்பம் நடத்தி, சம்பாதிச்சதையெல்லாம் அவர் கையில கொடுத்து, கடைசியில "உனக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்"னு ஒரே வார்த்தையில தெருவுக்கு வந்திருக்காங்க தெரியுமா? தாலி கட்டினதுக்குச் சாட்சியா ஒரு போட்டோகூட வெச்சுக்க விடமாட்டாங்க. ஸ்டேஷனுக்குப் போனா சிரிப்பாங்க. ஊர்ல வேற பொண்ணைக் கட்டி வெப்பாங்க, அதுக்கும் இவதான் நகை வாங்கிக் கொடுப்பா. இதெல்லாம் கண்ணால பார்த்தது. பதிவு இருந்தா ரெண்டாவது கல்யாணம் குற்றம். அந்த ஒரு பயம் போதும்.

—

நெல்லைச்செல்வன்

அந்தக் கோணம் நான் யோசிக்காதது. ரெண்டாவது கல்யாணம் பண்ணி வைக்கிறார்கள் என்பது எங்கள் ஊரிலேயே நடந்ததுதான். நன்றி.

—

பழைய ஆர்.ஐ.

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வாரிசுச் சான்று பற்றி மட்டும் சொல்கிறேன்.

அம்மா, உங்கள் பெரியப்பா கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் இடமே இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மனைவி, மகன், மகள், இருந்தால் அவருடைய தாயார், எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள், தலைக்கு ஒரு பங்கு. மகனுக்கும் மகளுக்கும் பங்கு ஒன்றேதான். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989லேயே கொண்டுவந்துவிட்டது. 2005ல் நாடு முழுவதற்கும் வந்தது. அப்படியிருக்க, உங்கள் அக்காவை மகன் என்று எழுதினாலும் மகள் என்று எழுதினாலும் பங்கு ஒரு சென்ட்கூடக் குறையாது, கூடாது. பிள்ளை என்றால் பங்கு உண்டு.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், விஏஓ ஊரில் விசாரிப்பார். பெரியவர் ஒருவர் "மூணு பேர்தான்" என்பார். வீட்டை விட்டுப் போன பிள்ளையின் பெயர் ரேஷன் கார்டில் இருந்து எப்போதோ நீக்கப்பட்டிருக்கும். அறிக்கை அப்படியே மேலே போகும், தாசில்தார் கையெழுத்தாகும். நானே பல கோப்புகளில் இதைக் கவனித்து, "வெளியூரில் பிள்ளைகள் உண்டா" என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். "உண்டு, ஆனா சேர்க்க வேண்டாம்" என்று வீட்டாரே சொன்னதும் உண்டு.

வழி இருக்கிறது. வாரிசு விடுபட்டுள்ளது என்று ஆர்டிஓவிடம் மேல்முறையீடு செய்யுங்கள். அக்காவின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று இரண்டிலும் தந்தை பெயர் இருக்குமே, அதுதான் பிடி. பழைய பெயரும் புதிய பெயரும் ஒருவரே என்பதற்கு மலர்க்கொடி அம்மா சொன்ன அரசிதழ் நகல். அம்மா கைப்பட "இவர் என் மூத்த பிள்ளை" என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. இதற்கிடையில் யாராவது பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வந்தால் ஆட்சேபணை மனு ஒன்றைச் சார்பதிவாளரிடம் கொடுத்து வையுங்கள். வாரிசுச் சான்றில் பெயர் இல்லை என்பதாலேயே சொத்துரிமை போய்விடாது. அதைத் தீர்மானிப்பது உரிமையியல் நீதிமன்றம்.

—

வைகைக்கரை வக்கீல்

ஆர்.ஐ. ஐயாவின் பதிவைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அதோடு யாரும் அதிகம் பேசாத ஒன்றைச் சேர்க்கிறேன்.

அப்பா சொத்து வரும்போது பாலினம் பொருட்டில்லை. ஆனால் திருநங்கை தானே இறந்துபோனால் அவர் சொத்து யாருக்கு என்ற இடத்தில் பாலினம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இறந்தவர் ஆண் என்றால் 8ஆம் பிரிவு, பெண் என்றால் 15ஆம் பிரிவு. 15ன்படி முதலில் பிள்ளைகளும் கணவரும், அடுத்து கணவரின் வாரிசுகள், அதன் பிறகுதான் பெற்றோர். 8ஆம் பிரிவின் வரிசையில் 'விதவை மனைவி' உண்டு, 'கணவர்' என்ற சொல்லே கிடையாது. ஏதாவது ஓர் ஆவணத்தில் பழைய பாலினம் தங்கிவிட்டால், கூடவே வாழ்ந்த கணவரை ஓரம் தள்ளிவிட்டு, வாழ்நாளெல்லாம் எட்டிப் பார்க்காத உறவினர் வந்து உரிமை கோரலாம். 2019ல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தீர்த்திருக்க வேண்டும். திருமணம், தத்து, வாரிசுரிமை மூன்றைப் பற்றியும் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவுகூட இல்லை. திருநர் என்ற காரணத்துக்காகப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, வீட்டில் வசிக்கும் உரிமை உண்டு என்று 12ஆம் பிரிவு சொல்கிறது, அதோடு நின்றுவிட்டது. உத்தரப் பிரதேசம் 2020ல் தன் வருவாய்ச் சட்டத்தைத் திருத்தி, விவசாய நிலத்துக்கு மூன்றாம் பாலினத்தவரையும் வாரிசாகச் சேர்த்தது. அங்கே முடிந்தது நாடாளுமன்றத்தில் ஏன் முடியாது என்பது எனக்குப் புரியவில்லை.

அதுவரை எல்லாரும் உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

—

மலர்க்கொடி_சேலம்

"யாருக்கு வேண்டுமானாலும்"ங்கறதைப் பெருசா எழுதுங்க அண்ணே. எங்கள்ல குருவுக்கு சேலா, அதாவது சிஷ்யைதான் பிள்ளை. காய்ச்சல்ல கஞ்சி வெச்சுக் கொடுக்கறது, ஆஸ்பத்திரியில கூட படுக்கறது, கடைசியில கொள்ளி வரைக்கும் சேலாதான். குரு செத்த மறுநாள் சொந்தக்காரங்க வந்து பீரோ சாவி எங்கன்னு கேப்பாங்க. என் குருவுக்கு நாங்க உட்கார வெச்சு உயில் எழுத வெச்சோம். முதல்ல "நான் சாகணும்னு பாக்குறீங்களா"ன்னு கோவிச்சுக்கிட்டாங்க.

—

வைகைக்கரை வக்கீல்

இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் 2016ல் ஒரு திருநங்கையின் சொத்து அவருடைய குருவுக்கே சேரும் என்று மரபை ஏற்றுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் நம் ஊர்ச் சிவில் நீதிமன்றத்தில் மரபை நிரூபிக்கச் சாட்சி, ஆவணம் என்று ஆண்டுக்கணக்கில் ஓடும். உயில் சுலபம்.

—

நீலவானம்

வணக்கம். நான் திருநம்பி. இந்த இழையில எல்லாம் திருநங்கை பற்றியே இருக்கு, அதனால கேக்கறேன். நான் காதலிக்கறவங்க கிறிஸ்தவக் குடும்பம், நான் இந்து. எனக்கு அறுவைச் சிகிச்சை முடிஞ்சு, 'ஆண்'னு திருத்தின சான்றும் இருக்கு. சிறப்புத் திருமணச் சட்டத்துல போனா 30 நாள் அறிவிப்புப் பலகையில எங்க பேரை ஒட்டுவாங்கன்னு சொல்றாங்க. அவங்க அண்ணன் கண்ணுல பட்டா அவங்களை வீட்டுல பூட்டிடுவாங்க. பின்னாடி ஒரு குழந்தையைத் தத்தெடுக்கணும்னும் ஆசை இருக்கு. எங்களுக்கு என்ன வழி?

—

வைகைக்கரை வக்கீல்

தம்பி, கையில் ஆண் என்ற சான்று இருப்பதால் பாலினக் கேள்வி உங்களுக்கு எழக் கூடாது. திருநர் என்ற முதல் சான்றுக்கு அறுவைச் சிகிச்சை தேவையில்லை, ஆண் அல்லது பெண் என்று மாற்ற மட்டும் தேவை என்றது 2019ல் வந்த சட்டம். நால்சா சொன்னதற்கு இது நேர் எதிர் என்பது என் கருத்து. உங்கள் விஷயத்தில் அது முடிந்துவிட்டது.

அறிவிப்பு உண்மையிலேயே தொல்லைதான். 30 நாளும் பெயர், முகவரி எல்லாம் பலகையில் தொங்கும். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021ல், தம்பதி விரும்பினால் மட்டும் வெளியிட்டால் போதும் என்றது. நமக்கு அது வழிகாட்டுமே தவிரக் கட்டுப்படுத்தாது. சட்டப்படி அண்ணன் ஆட்சேபித்தாலும் சிறப்புத் திருமணச் சட்டம் 4ஆம் பிரிவில் உள்ள காரணங்களைத்தான் சொல்லலாம். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது அதில் கிடையாது. ஆனால் அவர் வருவது சட்டப்புத்தகத்தோடு அல்ல என்பது எனக்கும் தெரியும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு முன்கூட்டியே மனு கொடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் காவலர் நடத்தை விதியிலேயே 2022ல் திருத்தம் வந்திருக்கிறது, உங்களைப் போன்றோரைத் துன்புறுத்தும் காவலர்மேல் நடவடிக்கை எடுக்கலாம்.

இருவரும் இந்துக்களாக இருந்தால் வேலை எளிது. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 1967ல் சேர்த்த 7ஏ பிரிவில் சுயமரியாதைத் திருமணம் செய்யலாம். மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ, ஏதேனும் ஒன்று போதும். அதை ஊரறிய நடத்த வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023ல் சொல்லிவிட்டது. ஆனால் திருமணத்துக்காக மதம் மாறுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தத்துக்கு, தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான காராவின் விதிகள் திருமணமாகி இரண்டு ஆண்டு நிலையான வாழ்க்கை வேண்டும் என்கின்றன. திருமணப் பதிவு கையில் வந்ததும் அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு ஓடட்டும். தனி ஆளாகப் போனால், ஆணுக்குப் பெண் குழந்தையைத் தர மாட்டார்கள். திருநர் என்று ஒரு பிரிவே அந்த விதிகளில் இல்லை. வாடகைத்தாய்ச் சட்டம் 2021 இன்னும் இறுக்கமானது. தம்பதி என்றால் ஆணும் பெண்ணும், தனியாள் என்றால் விதவை அல்லது விவாகரத்தான பெண், அதுவும் 35 முதல் 45 வயதுக்குள்.

—

நீலவானம்

ரொம்ப நன்றி சார். கேரளாவுல ஒரு திருநம்பி குழந்தை பெத்தாரே, அந்தக் குழந்தையோட சான்றிதழ்ல என்ன எழுதினாங்க?

—

வைகைக்கரை வக்கீல்

2023 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் பிறந்த குழந்தை. பெற்றெடுத்தவர் திருநம்பி, துணைவர் திருநங்கை. மாநகராட்சி, பெற்றெடுத்தவரைத் தாய் என்றும் மற்றவரைத் தந்தை என்றும் எழுதி, பக்கத்தில் திருநர் என்று போட்டுக் கொடுத்தது. இருவரையும் வெறுமனே 'பெற்றோர்' என்று போடுங்கள் என்று கேட்டார்கள், மறுத்தார்கள். 2025 ஜூன் தொடக்கத்தில் கேரள உயர் நீதிமன்றம் அப்படியே போட்டுத்தர உத்தரவிட்டது. நாளை பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அந்தக் குழந்தையிடம் யாரும் ஆவணத்தைக் காட்டி விளக்கம் கேட்கக் கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை.

—

கரிசல்மண் | 9 ஜூலை 2025

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அம்மா கையால உறுதிமொழிப் பத்திரம் எழுதியாச்சு. "என் மூத்த மகள்"னுதான் போடணும்னு அம்மாவே பிடிவாதமா சொல்லிட்டாங்க. ஆர்டிஓ மனு திங்கள்கிழமை போகுது. சார்பதிவாளருக்கு நான் எழுதினது இது, சரியான்னு பாருங்க:

"ஐயா, எங்கள் குடும்பத்தின் சூழ்நிலையைக் கருணையோடு பரிசீலித்து, எனது சகோதரியின் திருமணத்தைப் பதிவு செய்து தருமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

—

வைகைக்கரை வக்கீல்

முதலில், மனு உங்கள் பெயரில் போகக் கூடாது. அக்காவும் மாப்பிள்ளையும் கையெழுத்திட வேண்டும். 'கருணையோடு', 'தாழ்மையுடன்' இரண்டையும் எடுத்துவிடுங்கள். இப்படி வையுங்கள்:

"எங்கள் திருமணம் இந்து திருமணச் சட்டப்படி நடந்தேறியது. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ரிட் மனு (எம்டி) எண் 4125/2019ல் 22.04.2019 அன்று பிறப்பித்த தீர்ப்பின்படி இத்திருமணத்தைப் பதிவு செய்து சான்று வழங்கக் கோருகிறோம். மறுப்பதாயின் காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தரவும்."

தீர்ப்பின் நகலை இணையுங்கள். உயர் நீதிமன்ற இணையதளத்திலேயே கிடைக்கும். நேரில் கொடுத்து வாங்காவிட்டால் அங்கேயே வாக்குவாதம் வேண்டாம், அன்றே ஒப்புகை அட்டையோடு பதிவு அஞ்சலில் அனுப்பிவிட்டு, மாவட்டப் பதிவாளருக்கு ஒரு நகல் போடுங்கள். எழுத்தில் மறுப்பு வந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ரிட் மனு நான் போடுகிறேன். கட்டணம் கட்ட முடியாத நிலை இருந்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே இலவச உதவி கேட்கலாம்.

—

மலர்க்கொடி_சேலம்

தங்கச்சி, போற நாளைச் சொல்லு. திருநெல்வேலியில என் சேலா ஒருத்தி இருக்கா, கூட வரச் சொல்றேன். ஆதார் அசலையும் நகலையும் தனித்தனிக் கவர்ல வெச்சுக்கோங்க.